பகுதிநேரத்தின் முழுக் கணக்கு



குறைந்த ஊதியம், நியாயமான வேலை என்ற பொருளில் இந்த அரங்கில் பேச என்னை அழைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முழுவதையும் பேசிவிட முடியாது. அதனால் ஒரே ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'பகுதிநேரம்' என்ற சொல். அரசாணைகளில், நியமன உத்தரவுகளில், நாளிதழின் வரிவிளம்பரங்களில் நாம் தினமும் கடந்துபோகும் சொல். கேட்டதும் கடிகாரம்தான் நினைவுக்கு வரும். எட்டு மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தப் பேரைக் கடிகாரம் பார்த்து யாரும் வைக்கவில்லை. கொடுக்கப்போகும் பணம் முதலில் முடிவாகிறது. அந்தப் பணத்துக்குத் தோதாகப் பிறகு வேலைக்குப் பேர் வைக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. மீதி எல்லாம் அதற்கான சாட்சியம்.

முதல் சாட்சி என் அம்மா. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றின் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராக இருந்தார். ஊரில் 'சத்துணவு ஆயா' என்பார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளியில் இருப்பார். அரிசியில் கல் பொறுக்க வேண்டும், பருப்பைக் களைய வேண்டும், காய் அரிய வேண்டும். அந்தக் காலத்தில் விறகடுப்பு. மழைநாளில் ஈர விறகோடு மல்லுக்கட்டி, புகையில் கண் சிவந்து, நூறு பேருக்கு மேலான பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை மணிக்குள் சோற்றைத் தயாராக்கிவிடுவார். ஒருநாள்கூட அந்த நேரம் தவறியதாக எனக்கு நினைவில்லை. பரிமாறி முடித்து, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து, கூடத்தைக் கழுவிவிட்டு வீடு வரும்போது மூன்று மணி ஆகியிருக்கும். எட்டிலிருந்து மூன்றுவரை ஏழு மணி நேரம். பகுதிநேர வேலை.

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அவரிடம் கேட்டேன், "பகுதிநேரம்னா என்னம்மா?" அம்மா சொன்ன பதில் இது: "நேரத்தைப் பத்தி எனக்குத் தெரியாதுப்பா. சம்பளம் பகுதி, அது தெரியும்." பின்னாளில் பொருளியல் படித்து, தொழிலாளர் சட்டங்களைப் படித்து, பல ஆண்டுகள் வகுப்பெடுத்தும் இருக்கிறேன். அந்த வரையறையைவிடச் சரியான ஒன்று எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

இனி 1982ஆம் ஆண்டைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. டெல்லி காவல்துறையில் வண்டி ஓட்டிய ஒருவர், மற்றத் துறை ஓட்டுநர்களுக்கு இணையான ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கு. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் இலக்கு என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த ஓட்டுநர் பக்கம் நின்றார். ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 18 அன்று, டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டுமானங்கள் எழுப்பிய தொழிலாளர்களின் வழக்கில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றார். கையைக் கட்டி இழுத்துவருவது மட்டும் கட்டாயம் ஆகாது, வேறு வழியில்லாத வறுமையும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூன்றும் ஒரே ஆண்டு. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூலியின் நியாயத்தை எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில், நாடே பின்னாளில் பின்பற்றிய ஓர் அருமையான திட்டம் ஆயிரக்கணக்கான பெண்களைப் பகுதிநேரம் என்ற பேரில் அடுப்படிக்கு அழைத்தது. அவர்களில் கணிசமானோர் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். திட்டத்தின் பெருமையை நான் ஒரு துளியும் குறைக்கமாட்டேன், நானே அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் அந்தத் தீர்ப்புகள் இரண்டும் அந்த அடுப்படிக்குள் வந்து சேரவில்லை.

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க ஆணையிட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு முடித்தபின் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு என்றும் அந்த ஆணை சொல்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 136 ரூபாய். அதே நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி 319. 'அது முழுநாள், இது பகுதிநேரம்' என்று பதில் வரும். சரி, வாதத்துக்கு ஐந்து மணி நேரம் என்றே கொள்வோம். 319இல் எட்டில் ஐந்து பங்கு ஏறத்தாழ 200 ரூபாய், மாதத்துக்கு 4,400. பகுதிநேரம் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டு வகுத்தாலும் மாதம் 1,400 ரூபாய் எங்கோ காணாமல் போகிறது. நேரத்தைக் குறைத்ததால் குறைந்த தொகை இல்லை அது. அந்தப் பெண்ணின் ஒவ்வொரு மணி நேரத்தின் விலையையும் குறைத்ததால் வந்த குறைவு.

மத்திய அரசின் திட்ட விதி இதைவிட மோசம். பள்ளி மதிய உணவு சமைப்போருக்கு அது வகுத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். 2009 டிசம்பரில் நிர்ணயித்தது. இப்போது அதில் 600 மத்திய அரசின் பங்கு, 400 மாநிலப் பங்கு. தமிழ்நாடு தன் கையிலிருந்து கூடுதலாகத் தருகிறது, கேரளம் தருகிறது. தராத மாநிலத்துப் பெண்ணுக்கு அந்த ஆயிரமே எல்லாம். 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, சத்துணவு, அங்கன்வாடி போன்ற அரசுத் திட்டங்களின் பணியாளர்களைத் 'தொண்டர்' என்று சொல்லாமல் தொழிலாளராகக் கருதிக் குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த அவை அது.

இந்தப் பெண்களின் மணி நேரம் ஏன் இவ்வளவு மலிவாகப் போயிற்று? அதற்கு ஒரு பழைய கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957இல் டெல்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைத் தேவையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு முன்பு கூலி என்பது பேரத்தில் முடிகிற விஷயம். இப்போது ஓர் அளவுகோல் வந்தது. ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 விழுக்காடு. அந்த 2,700 என்ற எண் நம் நீலகிரியோடு தொடர்புடையது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்டு வகுத்த அளவு அது. 1991இல் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் பஞ்சப்படி வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தப் பட்டியலை நீட்டியது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர வேண்டும் என்றது. தொழிலாளிக்கும் பொங்கல் உண்டு, அவர் மகளுக்கும் கல்யாணம் உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் கூலிக் கணக்கில் ஏற்றியது சாதாரணச் செய்தி இல்லை.

ஆனால் அந்த 1957 கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. உழைக்கும் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு, பெண்களும் பிள்ளைகளும் ஈட்டுவதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான். மனைவியும் பிள்ளைகளும் வேலைக்குப் போகாமலே குடும்பம் நடக்கிற அளவுக்கு ஒருவர் கூலி இருக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த மூன்று அலகு எப்படி வந்தது? ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 1.2. பெண் சாப்பிடுவது குறைவு, அவள் சம்பாதிப்பது கணக்கிலேயே இல்லை. நாளடைவில் நோக்கம் மறைந்து, மனப்பான்மை மட்டும் தங்கிவிட்டது. ஆண் கொண்டுவருவது சம்பளம், பெண் கொண்டுவருவது கைச்செலவுக்கு ஆகிற காசு என்று பழகிவிட்டோம். கைச்செலவுக் காசு எவ்வளவு என்று யார் கணக்குப் பார்ப்பார்? பிறகு அந்தப் பெண் தனியாக நின்று குடும்பத்தைத் தாங்கும்போதும் அவளுக்கு அந்தக் கைச்செலவுக் கணக்கே நடக்கிறது. என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் 'முதன்மைச் சம்பளம்' என்று வேறொன்று இல்லை.

2019இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு அந்த 1957 கணக்கின் மூன்று அலகை 3.6 ஆக்கித் தேசியக் குறைந்தபட்சக் கூலியாக நாளுக்கு 375 ரூபாய் என்று சொன்னது. அந்த ஆண்டு அரசு அறிவித்த தேசியத் தரைமட்டக் கூலி 178.

இந்தக் கணக்கைச் சொல்லின் வழியாகவும் பார்க்கலாம். தமிழில் 'ஊதியம்' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. சம்பளம் என்ற பொருள் அதற்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. வள்ளுவர் அதை ஆதாயம் என்ற பொருளில்தான் ஆளுகிறார், முதலோடு சேர்த்தே பேசுகிறார். முதலைக் கழித்தபின் கையில் மிஞ்சுவது ஊதியம். வேலைக்குப் போகிறவரின் முதல் என்ன? அவர் உடம்பு, அவர் நாள், போகவர ஆகும் செலவு, அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அவர் படும் கடன். இந்த முதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல பகுதிநேரக்காரர்களின் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது இந்த முதலில் ஒரு பகுதியைக் குறைத்தது. குறைந்த சம்பளக்காரப் பெண்களுக்கு நேரடியாகக் கையில் சேர்ந்த ஊதிய உயர்வு என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

அடுத்தது பகுதிநேர ஆசிரியர்கள். இவர்கள் விஷயத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். 2012இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின்கீழ் 16,549 பேர் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி, தோட்டக்கலை எனப் பல பாடங்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். 2014இல் 7,000 ஆயிற்று, 2017இல் 7,700, 2021இல் 10,000, பிறகு 12,500. மே மாதம் பள்ளி இல்லை, அதனால் சம்பளமும் இல்லை என்று ஆண்டுக்கு ஆண்டு அந்த ஒரு மாதத்தைக் கடந்தார்கள்.

மாதத்தில் பன்னிரண்டு பதின்மூன்று அரைநாள் என்று கணக்குப் போட்டால் 12,500 என்பது அரைநாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. கேட்பவருக்கு நல்ல தொகையாகவே படும். வெறும் வகுத்தல் கணக்கில் இங்கே அநீதியைக் காட்ட முடியாது. அது வேறிடத்தில் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலையில் பள்ளியில் இருக்க வேண்டிய ஒருவருக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டும் வேலை கொடுக்க எந்தக் கடை, எந்த அலுவலகம் தயாராக இருக்கிறது? அரைநாளை வாங்கிக்கொண்டவர் மீதி அரைநாளையும் விற்க முடியாதபடி செய்துவிடுகிறார். பள்ளியில் ஆள் குறைவாக இருக்கிற நாளில், இந்த ஆசிரியர் பகுதிநேரம் என்பதை எல்லோரும் மறந்துபோவார்கள். வருகைப் பதிவேடு எழுதுவதும் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் அவர் தலையில் விழும். மூன்றாவது விஷயம்தான் என்னை மிகவும் உறுத்துவது. 2012இல் சேர்ந்தவர் பத்தாண்டு கடந்தும் சேர்ந்த முதல்நாள் நிலையிலேயே நிற்கிறார். அரசு அறிவித்தால் எல்லோருக்கும் ஒரே தொகை ஏறும், அறிவிக்காவிட்டால் அப்படியே இருக்கும். ஆண்டு ஊதிய உயர்வு என்று ஒன்று இல்லை. ஒரு ஆசிரியர் பத்தாண்டில் கற்றுக்கொண்டதற்கு விலையே இல்லை என்று சொல்வதற்கு இது சமம். முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது நரை விழுந்துவிட்டது.

அரசை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இந்த அரங்கில் இருக்கும் நாம் தப்பித்துக்கொள்வோம். நம் வீடுகளுக்கு வரும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டுக்கு இன்னொன்று, பத்துக்கு அடுத்தது, பன்னிரண்டுக்கு நான்காவது. நாலு வீட்டிலும் அவர் பகுதிநேரம். அவர் உடம்புக்கு மட்டும் அது முழுநேரம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடக்கும் நேரம் எந்த வீட்டின் கணக்கிலும் வராது. நாம் வெளியூர் போன பத்து நாளுக்குச் சம்பளம் பிடித்தால் அதைத் தாங்குவதும் அவரே. தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுவேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மணிக்கு 37 ரூபாயில் தொடங்கும் விகிதம். தொகை மிகக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மணிக்கணக்கு என்ற முறை சரியானது, பகுதிநேரத்துக்கு உண்மையான அளவை அதுதான் கொடுக்கிறது. அந்த ஆணை வந்தது எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்?

இலங்கை மலையகத் தோட்டங்களில் நம்மவர்கள் புழங்கும் ஒரு சொல் உண்டு, 'அரைப்பேர்'. நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அன்று பதிவேட்டில் அரைப்பேர்தான் விழும். காலையிலிருந்து மலைச்சரிவில் நின்றது முழுநாள், அட்டை கடித்தது முழுநாள், எழுதுவது அரை. மழையில் கொழுந்து குறைந்தாலும், செடிக்கு உரமிடாததால் குறைந்தாலும் அரைதான். உழைப்பின் முழுநாளைப் பேனாவால் பாதியாக்கும் இந்த வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பகுதிநேரம் என்ற பேச்சும் இருக்கிறது.

நம் சட்டம் இதற்கு எதிராக ஒன்று சொல்கிறது, அதை இங்கே வந்திருக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 15ஆவது பிரிவு. நாட்கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி, வழக்கமான வேலைநேரத்தைவிடக் குறைவாக வேலை செய்தாலும் முழுநாள் கூலிக்கு உரியவர், அவருக்கு வேலை செய்ய விருப்பமில்லாமல் குறைந்திருந்தால் ஒழிய. அதாவது, வேலை கொடுக்காதது கொடுப்பவரின் குறை என்றால் அதன் நட்டமும் கொடுப்பவரையே சேரும். இந்தக் கோட்பாட்டை 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் தொடர்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கும் வந்திருக்கிறது. எழுபது ஆண்டுக்கும் மேலாகப் புத்தகத்தில் இருக்கும் நீதி இது.

பகுதிநேரத்துக்கும் அதே கூலி விகிதம் என்பது வெளிநாடுகளில் பெரிய அதிசயமாகக் கருதப்படுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதிநேர வேலை பற்றி 175ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. பகுதிநேரம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரின் அடிப்படை ஊதிய விகிதம் குறையக்கூடாது என்கிறது அது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. பிரிட்டனில் அழைத்தபோது ஓடிவரும் தீயணைப்பு வீரர்கள் முழுநேர வீரர்களுக்கு இணையான ஓய்வூதிய உரிமை கேட்டு வழக்காடினார்கள். இரு சாராரின் வேலையிலும் பொதுவாக உள்ள மையப் பகுதிக்கே அதிக எடை தர வேண்டும் என்று 2006இல் அங்கே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தீக்குப் பகுதிநேரம் தெரியாது. அடுப்புக்கும் அப்படித்தான்.

நம் உச்சநீதிமன்றமும் இந்தப் பாதையில் வந்திருக்கிறது. 2016 அக்டோபரில் நீதிபதிகள் கேஹர், போப்டே அமர்வு, தற்காலிகப் பணியாளருக்கும் அதே வேலைக்கு நிரந்தர ஊழியரின் ஊதிய அளவில் ஆகக் கீழ்நிலையாவது கிடைத்தாக வேண்டும் என்றது. குறைந்த கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்வது விருப்பத்தால் இல்லை, குடும்பத்தின் பசிக்காகத் தன்மானத்தை விட்டுக்கொடுத்து என்றும் சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்களின் பணிக்கொடை வழக்கு. அங்கன்வாடி வேலை பகுதிநேர வேலை என்ற அரசின் வாதத்தை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவர்கள் செய்யும் வேலையைப் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு, இது முழுநேரம் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது பேரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தது. 2024 டிசம்பரில் மத்திய நீர்வள ஆணையத்தின் பரிதாபாத் அலுவலகத்தில் பகுதிநேரமாகத் துப்புரவும் பிற வேலையும் செய்துவந்தவர்களைப் பணிவரன்முறை செய்ய உத்தரவு வந்தது. 1990களில் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கால் நூற்றாண்டு நடந்த வேலையைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்கு மறுமொழியாக அரசுகள் 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைக் காட்டும். முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது உண்மை. கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. குறைந்த கூலிக்கு அது எழுதித் தந்த அனுமதி ஒன்றும் இல்லை. நிதி இல்லை என்பது அடுத்த பதில். நிதி நெருக்கடி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடி வரும்போது யார் சம்பளத்தில் முதலில் கை வைக்கிறோம் என்பதும் கொள்கைதான். மாதம் மூவாயிரம் வாங்கும் பெண்ணிடம் மிச்சம் பிடித்து ஓர் அரசு நிமிர்ந்துவிடப் போவதில்லை.

ஆகவே இங்கே வந்திருக்கும் அதிகாரிகளுக்கும், நாளை அதிகாரிகளாகப் போகும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒருவரைப் பகுதிநேரமாக நியமிக்கிறீர்களா, ஆணையில் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். எழுதிய நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குக் கூலி கொடுங்கள். அந்த மணி நேரத்தின் விலை, அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியரின் மணி நேர விலையாக இருக்கட்டும். ஆண்டு உயர்வு கொடுங்கள், பேறுகால விடுப்பு கொடுங்கள், வேலையை விட்டுப் போகும்போது பணிக்கொடை கொடுங்கள். முழுநேரத் தேவை இருக்கும் இடத்தில் பகுதிநேரம் என்று எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, 2009 டிசம்பரில் நின்றுபோன அந்த ஆயிரம் ரூபாயை அசையுங்கள். ஆண்டுக்குப் பத்து மாதம் என்பதைப் பன்னிரண்டு மாதம் ஆக்குங்கள்.